குழுப்படமும் வராதோரும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் சங்க இலக்கியம் பற்றியோ சிற்றிலக்கியம் பற்றியோ நான் உரையாற்றுவேன் எனச் செயலாளர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆயின் சென்ற வாரம் அவர் அனுப்பிய சுற்றறிக்கையே என் எண்ணத்தை வேறு வழியில் செலுத்திவிட்டது. விழா மலரில் வெளியிட உறுப்பினர் அனைவரும் குழுப்படம் எடுத்துக்கொள்ளவிருக்கிறோம் என்றும், ஆடவர் வெள்ளை வேட்டி சட்டையிலும் மகளிர் பட்டுச் சேலையிலும் வருதல் நலம் என்றும் அதில் கண்டிருந்தது. அதனைப் படித்தவுடன் என் மனம் பள்ளி இறுதியாண்டுக் குழுப்படத்திற்குச் சென்றது. ஆகவே அப்படத்திற்கு ஒரு மாணவி ஆயத்தமாகும் கதையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன். பொருள் சிறிது, அதனுள் கிடப்பது சிறிதன்று.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டு தொடங்கியது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பே பள்ளி வாழ்வின் எல்லையாயிற்று. அவ்வெல்லையில் நட்ட கல்லைப் போல நிற்பது குழுப்படம். நான் தம்மம்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 1997ஆம் ஆண்டு. அவ்வாண்டின் முதல் நாளில்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அரையாண்டு விடுமுறைக்கு முன்பு வரை சேலம் மாவட்டத்தினராய் எங்களோடு அமர்ந்திருந்த கொல்லிமலைத் தோழியர், விடுமுறை கழிந்து வந்தபோது வேறு மாவட்டத்தினராயினர். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் குழுப்பட அறிவிப்பு வந்தது.

அறிவிப்பு வந்த நாள்முதல் வகுப்பில் வேறு பேச்சில்லை. எங்கள் சீருடை பாவாடை தாவணி. வெள்ளை இரவிக்கைக்குச் சற்றே மிகையாய் நீலம் போட்டு, நிழலில் உலர்த்தினோம். தேய்ப்புப் பெட்டி இல்லாத வீடுகளில் பித்தளைச் செம்பில் கங்குகளை இட்டுத் தாவணியைத் தேய்த்தோம். கங்கும் வேண்டாதவர்கள் மடித்துப் பாய்க்கடியில் வைத்து அதன்மேல் படுத்துறங்கினர். முன்னாள் தலைக்குச் சீயக்காய். அன்று காலை எண்ணெய் மிகாமல் இரட்டைச் சடை, நாடா புதியது. கனகாம்பரமா மல்லிகையா என்பது பெரிய வழக்கு. எல்லோரும் ஒரே பூவாய் வைத்தால்தான் படம் எடுப்பாயிருக்கும் என்று முடிவாயிற்று. பவுடர் கழுத்தோடு நின்றுவிடக்கூடாது என்றும், ஊக்கு வெளியே தெரியக்கூடாது என்றும் மூத்த அக்காமார் எச்சரித்தனர்.

இவற்றினும் கடினமான ஆயத்தம் ஒன்றுண்டு. அது முகத்தை ஆயத்தம் செய்தல். சிரிப்பதா, வேண்டாமா? பல் தெரியலாமா? என் தோழி ஒருத்தி கையகலக் கண்ணாடியின் முன் நின்று கண்ணிமைக்காமல் இருக்கப் பழகினாள். காரணம் இருந்தது. ஆத்தூரிலிருந்து வந்த படக்காரரிடம் இருந்தது யாஷிகா கேமரா. அதன் சுருளில் பன்னிரண்டு படங்களே எடுக்க இயலும். ஒரு வகுப்புக்கு இரண்டுக்கு மேல் அவர் செலவிட மாட்டார். இரண்டிலும் கண் மூடியிருந்தால் ஆயுள் முழுதும் கண் மூடியவளாகவே இருக்க நேரிடும்!

இவ்வாயத்தத்தை அறியாப் பருவத்து ஆடம்பரம் எனச் சிலர் ஒதுக்குவர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒப்பனை தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. முடிமுதல் அடிவரை பாடுவதைக் கேசாதிபாதம் என்றும், அடிமுதல் முடிவரை பாடுவதைப் பாதாதிகேசம் என்றும் இலக்கிய வகைகளாகவே வகுத்தவர்கள் நாம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி அணிந்த அணிகள் ஒவ்வொன்றாக நிரல்படுகின்றன. ஆயின் அவ்வொப்பனை ஊடல் தீர்க்கும் பொருட்டு, கோவலன் ஒருவனுக்காக. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்பிள்ளைகளின் படங்களும் பெரும்பாலும் பிறர் பொருட்டே எடுக்கப்பட்டன. பூப்பு நீராட்டில் உறவினர்க்காக ஒரு படம். தரகர் கையில் கொடுக்க ஒரு படம். திருமண மேடையில் ஒரு படம். இன்று தேர்வு நுழைவுச் சீட்டிலும் மதிப்பெண் சான்றிதழிலும் இருக்கும் படம் அலுவலகத்தின் பொருட்டு. தன் தோழியரிடையே, தான் படித்தவள் என்பதற்காகவே ஒரு பெண் நிற்கும் படம் பள்ளிக் குழுப்படம் ஒன்றுதான். அதற்காக அவள் பாய்க்கடியில் தாவணியை மடித்து வைப்பது வீண் ஆடம்பரமாகுமா?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் பலர் தனித்தனியே படமெடுத்துக்கொள்வர். அப்படங்களைத் தொகுத்து ஆண்டு மலர் அச்சாகும். அங்கே ஒருவர் வரவில்லையெனில் பக்கத்தில் அவருடைய முகம் இராது; படம் இடம்பெறாதோர் எனக் கடைசியில் ஒரு பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். நம் குழுப்பட அட்டையின் அடியிலும் அத்தகைய வரி உண்டு. அமர்ந்திருப்போர், இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள் அச்சாகிய பின், இறுதியில் "வராதோர்" என்று ஒரு சிறு வரி. இவ்வுரை அந்த ஒரு வரியைப் பற்றியதே.

என் அட்டையில் அவ்வரியில் ஒரே ஒரு பெயர். அவள் என் இருக்கைத் தோழி. பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தம்மம்பட்டி மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய தந்தையார் அத்தொழிலில் வல்லவர். வாகைப் பலகையில் உருவத்தை வரைந்துகொண்டு, உளியும் கொட்டாப்புளியுமாய் அவர் அமர்ந்திருப்பார். அவள் பள்ளி விட்டு வந்து, முடிந்த பகுதிகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்குவாள். சிற்ப நூலார் உருவத்தின் அளவுகளை முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டே வகுத்தனர். அதனைத் தாலம் என்பர். முகம் அமைந்தால்தான் மற்றவை அமையும். எல்லாம் முடிந்த பின்னரே கண் திறப்பார்கள். எத்தனையோ திருமுகங்கள் அவள் கைபட்டு ஒளி பெற்று எங்கெங்கோ சென்றன.

குழுப்படத்திற்கு முன்னாள் மாலையில் அவள் தன் சிமிக்கிகளைக் கழற்றி என் கையில் வைத்தாள். "நாளைக்கு நீ போட்டுக்க புள்ள, உனக்கு நல்லாருக்கும்" என்றாள். நான் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். உனக்கு வேண்டாமா என்று கேட்கவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பலகைகள் போட்டு, உயரமானவர்கள் பின்னால் ஏற, ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர, சிலேட்டில் 1996-97 என்று எழுதி முன்னே வைத்தார்கள். படக்காரர் இருமுறை பொத்தானை அழுத்தினார். முடிந்தது. தேர்வு வந்தது, பின்னர் ஆளுக்கொரு திசை.

பல ஆண்டுகள் கழிந்து, முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் பணியிலும் சேர்ந்த பின்னர், விடுமுறைக்கு ஊர் வந்தபோது அவளைச் சந்தித்தேன். பேச்சினிடையே குழுப்படம் வந்தது. அவள் அதனைக் கண்டதே இல்லை. அப்போதுதான் காரணம் தெரிந்தது. படத்திற்கு முப்பத்தைந்து ரூபாய். அதனை அவளால் கட்ட இயலவில்லை. "காசு கட்டாதவங்க நிக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

அவையோரே, அந்தப் பணம் அட்டைக்கு உரியது, நிற்பதற்கு உரியதன்று. பணம் கட்டாத எவரையும் யாரும் விலக்கவில்லை. ஆனால் "கட்டாவிட்டாலும் வந்து நில்லுங்கள்" என்று எவரும் சொல்லவுமில்லை. சுற்றறிக்கையில் தேதி இருந்தது, தொகை இருந்தது, உடை இருந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. அது இல்லாமையால் ஒரு முகம் இல்லாமற்போயிற்று. சிமிக்கியை வாங்கிக்கொண்ட நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்முகம் இருந்திருக்கும்.

மறுநாள் அட்டையை எடுத்துச் சென்று காட்டினேன். அடியில் இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் படித்தாள். பின்னர் மூன்றாம் வரிசையில் என்னைத் தேடிப் பிடித்து, "என் சிமிக்கி வந்திருக்குது பாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு படம் இல்லாமையால் என்ன குறைந்துவிடும் என நீங்கள் கேட்கலாம். கவிஞர்களிடம் பேசுவதால் கவிஞர் ஒருவரையே சான்றாகக் காட்டுகிறேன். பாரதியாரின் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1919ஆம் ஆண்டு அவர் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்திற்கு வந்தபோது, சங்கத்தார் அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். இரண்டாண்டுகளில் கவிஞர் மறைந்தார். அவருடைய இறுதிக்கால முகத்தை நாம் இன்று காண்கிறோம் என்றால், ஊர்ச் சங்கம் ஒன்று ஒரு நாள் படமெடுக்க எண்ணியதும் அதற்குக் காரணம். அன்று அவர்கள் செய்தது வரலாற்றுப் பணி என்பது அவர்களுக்கே தெரிந்திருக்குமா?

படம் வாய்க்காதவிடத்துச் சொல் அப்பணியைச் செய்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை முதன்முதலாக மாயூரத்தில் கண்ட காட்சியை "என் சரித்திர"த்தில் எழுதியிருப்பதைப் படித்தவர்கள் அப்பெரியாரை நேரில் கண்டவர்களாகவே ஆகிவிடுவர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது. தருமபுரி, செங்கம் பகுதிகளில் இன்றும் நிற்கும் நடுகற்களில் பெயரும் உண்டு, உருவும் உண்டு. பெயரை மட்டும் பொறித்து உருவை விட்டுவிடுதல் நிறைவாகாது என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். எங்கள் அட்டையோ என் தோழிக்குப் பெயரை மட்டுமே தந்தது. அதுவும் வராதவள் என்ற அடைமொழியோடு.

இன்று கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. ஒரு நாளில் நூறு படங்கள் எடுக்கிறார்கள். இக்கதை பழங்கதை எனத் தோன்றலாம். நான் பணியாற்றும் துறையில் இறுதியாண்டு மாணவியர்க்கு ஆண்டுதோறும் குழுப்படம் எடுக்கிறோம். வராதவரின் முகத்தைக் கணினியில் மூலையில் ஒட்டித் தருவதாகவும் படக்காரர் சொல்கிறார். இருந்தும் படநாளில் ஓரிருவர் குறைகின்றனர். ஒருத்திக்கு அன்று வேலைக்குப் போனால்தான் கூலி. மற்றொருத்தியிடம் எல்லோரும் பேசிவைத்த நிறத்தில் சேலை இல்லை. ஆகவே சில ஆண்டுகளாக நான் அறிவிப்பை என் கையாலேயே எழுதுகிறேன். முதல் வரி: நிற்பதற்குப் பணம் வேண்டா. இரண்டாம் வரி: உள்ள உடையில் வருக. தேதியும் தொகையும் அதன் பின்னர்தான். இவ்விரு வரிகளையும் சேர்த்த பின்னர் வராதோர் எண்ணிக்கை முற்றும் அற்றுப்போயிற்று என்று சொல்லமாட்டேன். சென்ற ஆண்டும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவள் ஏன் வரவில்லை என்பதை நான் கேட்டறிந்தேன். கேளாமல் சிமிக்கியை வாங்கிக்கொள்ளும் பிழையை மறுமுறை செய்யவில்லை.

இறுதியாக நம் வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். பத்தாண்டுகளில் இவ்வட்டத்தில் கவிதை படித்தவர்கள் பலர். அவர்களுள் சிலர் இரண்டு கூட்டங்களுக்குப் பின் வரவில்லை. சந்தா காரணமாயிருக்கலாம், கடைசிப் பேருந்து காரணமாயிருக்கலாம், ஒரு கவிதையைக் கேட்டு நாம் மௌனமாயிருந்ததும் காரணமாயிருக்கலாம். குழுப்படம் எடுக்கும் நாளுக்கு முன் செயலாளர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அஞ்சலட்டை எழுத வேண்டுகிறேன். எழுதும் கை வேண்டுமெனில் என் கை உண்டு. சுற்றறிக்கையில் உள்ள பட்டுச் சேலை என்னும் சொல்லை அடித்துவிடவும் வேண்டுகிறேன். நான் அன்று பருத்திச் சேலையில்தான் வருவேன். பட்டு இல்லாத ஒருவர் என்னருகே நிற்கக் கூசமாட்டார் அல்லவா?

படத்திற்கு ஆயத்தமாதல் என்பது பவுடரும் பூவும் மட்டுமன்று. யார் இன்னும் வரவில்லை என்று திரும்பிப் பார்ப்பதும் அதன் பகுதியே. படக்காரர் பொத்தானை அழுத்துமுன் நாம் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.