வாசிக்காமல் விட்ட வரிகள்



எங்கோ ஒரு தேசத்தில் போர் மூண்டால் நம் வீட்டு அடுப்புக்கு அதனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வாறு கேட்பவர்கள் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஓராண்டு குடியிருந்து பார்க்க வேண்டும். எங்களுடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கடலை, அதுவும் பொய்த்தால் பிழைப்பைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதுதான். பர்மா, மலேயா, இலங்கை என்று எங்கள் பாட்டன்மார் போனார்கள். 1942-ஆம் ஆண்டு ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியபோது, காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதையைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் பொன்னமராவதிப் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். பேரன்மார் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். ஆக, உலகம் குலுங்கினால் எங்கள் திண்ணையும் சற்றுக் குலுங்கவே செய்யும்.

அந்த உலகம் எங்கள் ஊருக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று, காலை ஏழேகால் மணிக்கு டில்லியிலிருந்து ஒலிபரப்பாகும் தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயண்ஸ்வாமி அவர்களின் குரல் தேநீர்க் கடையில் ஒலித்தால் பேச்சு தானே அடங்கிவிடும். மற்றொன்று, தபால்காரரின் பை. முதலாவதை எல்லாரும் கேட்கலாம். காசு பணம் வேண்டா, எழுத்தும் வேண்டா. இரண்டாவதற்கு எழுத்துத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அதைப் பற்றித்தான் இன்று மாணவர்களாகிய உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, அன்னவாசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது. பள்ளி விட்டதும் வாசலில் இரண்டு மூன்று பேராவது கடிதத்தோடு நிற்பார்கள். பெரும்பாலும் பெண்கள். நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள், பிறகு பதிலும் நானே எழுதுவேன். மற்றவர் குடும்பத்து இரகசியங்கள் அத்தனையும் என் வாய்வழியேதான் அவர்களுக்கே போய்ச் சேரும். அது எவ்வளவு விபரீதமான ஏற்பாடு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. மாறாக, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. குவைத்தில் சிக்கிய இந்தியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜோர்தான் நாட்டு அம்மான் நகரம் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டனர். அடுத்த ஜனவரி 17-ஆம் நாள் அமெரிக்கா முதலிய நாடுகள் குண்டுவீச்சைத் தொடங்கின. ஈராக்கின் ஏவுகணைகள் சவூதி அரேபியாவின் மீதும் விழுந்தன. அந்நாட்டின் தம்மாம் நகரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தான் எங்கள் ஊர் இளைஞன் ஒருவன். அவனுடைய தாயார் கணவனை இழந்தவர். கல் உடைக்கும் வேலைக்குப் போய் மகனையும் மகளையும் வளர்த்தவர். போர் நடந்த ஆறு வாரமும் அந்த அம்மாள் தேநீர்க் கடைக்கு எதிரே, வேப்ப மரத்தடியில் நின்றபடி செய்தி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். தம்மாம் என்னும் பெயர் வந்தால் மட்டும் முகம் நிமிரும்.

போர் ஓய்ந்தபின், பங்குனி மாதத்தில் மகனிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கம்போல் என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். இரவுகளில் சங்கு ஊதும்போதெல்லாம் சுவரோரம் பதுங்கிக் கிடந்ததை எழுதியிருந்தான். ஐந்து மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை, முதலாளி ஊரை விட்டே போய்விட்டார் என்று எழுதியிருந்தான். தங்கையின் கலியாணத்தைத் தள்ளிவையுங்கள், என் பணத்தை நம்பி யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். நான் ஏறிட்டுப் பார்த்தேன். அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மகன் சுகமாக இருக்கிறான். உங்களையும் தங்கையையும் விசாரித்திருக்கிறான். சீக்கிரம் மறுகடிதம் போடுகிறானாம்" என்று வாசித்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. அவை எல்லாம் கடிதத்தில் இருந்தவையே. சில வரிகளைத் தாண்டினேன், அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பையன் பாடத்தில் ஒரு வரியைத் தாண்டி வாசித்தால், "கண் எங்கே போயிற்று?" என்று அதட்டுகிறவன் நான்.

அந்த ஆண்டு, அதாவது 1991, செய்திகளுக்குப் பஞ்சமில்லாத ஆண்டு. மே மாதம் 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். போரால் எண்ணெய் விலை ஏறியதும், வளைகுடாவிலிருந்து வரவேண்டிய பணம் குறைந்ததும் சேர்ந்து நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்துபோயிற்று. ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 47 டன் தங்கம் விமானத்தில் ஏறி அடகுக்குப் போயிற்று. நாடே நகையை அடகு வைத்த அந்த மாதங்களில்தான் எங்கள் ஊரில் அந்த அம்மாளும் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து, மேற்கொண்டு ஐயாயிரம் ரூபாய் வட்டிக்கும் வாங்கி, ஆவணியில் மகளின் கலியாணத்தை நடத்தினார்கள். நானும் பந்தியில் அமர்ந்து உண்டேன். கடன் வாங்கித்தான் நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

இதே 1991-ஆம் ஆண்டில்தான் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பெருந்துணை புரிந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தொண்டர்கள் இரவு நேரத்தில் கற்பிக்க வேண்டும். நானும் ஒரு தொண்டன். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அரிக்கேன் விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு வகுப்பு நடத்தினோம். மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் நிலவை நம்பினோம். கல் உடைத்தும் களை எடுத்தும் காய்த்துப்போன விரல்களுக்குப் பலகைக்குச்சி பிடிபடுவதில்லை, உடைந்துகொண்டே இருக்கும். 'பட்டா' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நிலமில்லாதவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஒருவரும் மறக்கவில்லை.

அத்துடன் சைக்கிள் வந்தது. படிக்க வந்த பெண்கள் சைக்கிள் பழகத் தொடங்கினார்கள். மாவட்டம் முழுவதும் அவ்வாறு பழகியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரத் தெருக்களில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போன காட்சியை நேரில் கண்டவன் நான். எங்கள் வகுப்பின் இளையவள், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண், முன்வரிசையில் போனாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் சோவியத் ஒன்றியம் என்னும் வல்லரசு உலகப் படத்திலிருந்தே மறைந்திருந்தது. பள்ளிச் சுவரில் தொங்கிய படத்தை மாற்ற வேண்டுமே என்பதுதான் அன்று எனக்கு இருந்த கவலை.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் இரவு. வகுப்பு கலைந்தது. தம்மாம் இளைஞனின் தாயார் மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து விளக்கின்கீழ் விரித்தார்கள். எழுத்துக் கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டு, வாசித்தார்கள். 'ச-ம்-ப-ள-ம்' என்று வந்தது. அடுத்த வரிக்கு நெடுநேரம் ஆயிற்று. நான் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்த வரியை நீங்க வாசிக்கலியே, சார்."

"மனசு கஷ்டப்படுமே என்று..." என இழுத்தேன்.

"சேதி எம் புள்ளையோடது. அழுகுறதோ தாங்குறதோ என் பாடு. தெரிஞ்சிருந்தா கடன் வாங்கியிருக்க மாட்டேனே."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பலகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் இரவும் வகுப்புக்கு வந்தார்கள். அந்தக் கடன் அடைய நான்கு ஆண்டுகள் பிடித்தன. வட்டியில் ஒரு பங்கை நான் கொடுக்க முன்வந்தபோது வாங்க மறுத்துவிட்டார்கள்.

அதன்பின் எத்தனையோ செய்திகள் வந்துபோயின. நான் தலைமையாசிரியனாகி ஓய்வும் பெற்றேன். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷியப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. அன்று முன்வரிசையில் சைக்கிள் விட்ட இளம்பெண்ணின் மகன் உக்ரைனில், கார்கிவ் நகரத்தில், மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். மார்ச்சு 2-ஆம் நாள் அவள் கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்தாள். இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பு ஒன்று, ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் என்றால் அவள் என்னிடம் வந்திருக்கமாட்டாள்.

மனத்துக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். பழைய பழக்கம். பிறகு முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அப்படியே தமிழில் சொன்னேன். கார்கிவிலுள்ள இந்தியர்கள் உடனே வெளியேற வேண்டும். பெசோச்சின், பபாயே, பெஸ்லியுதிவ்கா என்னும் ஊர்களுக்கு அங்குள்ள நேரப்படி மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். வண்டி கிடைக்காதவர்கள் நடந்தாவது போகவேண்டும். தூரம் முறையே 11, 12, 16 கிலோமீட்டர்.

அவள் அழவில்லை. சிறிது நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறுன்னா, சித்தன்னவாசலிலேருந்து புதுக்கோட்டை தூரம்தானே, சார்?"

"ஏறத்தாழ அவ்வளவுதான், அம்மா."

"நடந்திருவான்" என்றாள். பிறகு என் எதிரிலேயே உட்கார்ந்து, மகனுக்குக் கைப்பேசியில் தமிழில் எழுதத் தொடங்கினாள்.