பிரசவக் காசும் விபத்து நட்டஈடும்: கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

(தோட்டத் தலைவர், தலைவிகளுக்கான வகுப்பில் சங்கத்தின் மாதர் பிரிவு அமைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷம் ஒரு தங்கச்சி கைப்பிள்ளையோடு சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். பிள்ளைக்கு நாலு மாதம். பிரசவக் காசு ஒரு சதமும் கிடைக்கவில்லை. தோட்டத்து ஒபிசில் கேட்டதற்கு, "உனக்கு 150 நாள் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தவர், பையில் இருந்து ஒரு பழைய கலண்டரை எடுத்து வைத்தார். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் பேனாவால் ஒரு கோடு. எண்ணிப் பார்த்தோம், 163 நாள். செக்ரோலில் இருந்தது 141.

இடையில் உள்ள 22 நாள் எங்கே போனது? உங்களுக்குத் தெரியாததா? கிலோ குறைந்த நாளில் பேர் போடாமல் கிலோவுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். சில ஞாயிறுகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்து தோட்டத்துக் கொழுந்து, மலை தோட்டத்து மலை, நிறுத்ததும் தோட்டத்துத் தராசு. செக்ரோலில் மட்டும் அவர் அன்று வேலைக்கு வரவில்லை!

தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினோம். விசாரணையில் கலண்டரைக் காட்டி, அந்த நாட்களின் கொழுந்து நிறுவைக் கணக்கைக் கொண்டுவரும்படி கேட்டோம். மூன்றாவது தவணைக்கு முன்பே காசு வந்துவிட்டது. கலண்டர் இல்லாவிட்டால் எந்த நாளின் கணக்கைக் கேட்பது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம்தான் எங்களுக்குரியது. பிரசவத்துக்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் அந்தத் தோட்டத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். லீவு 12 கிழமை, அதாவது 84 நாள். முன்பு இரண்டு பிள்ளை உள்ள தாய்க்கு அடுத்த பிள்ளைக்கு 42 நாள்தான் கொடுத்தார்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அது போய்விட்டது. எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இன்றும் "மூன்றாவது பிள்ளைதானே" என்று பாதியாகக் கணக்குப் போட்டால், அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டாலும் 42 நாள் உண்டு. அந்தத் துக்கத்தில் யாரும் போய்க் கேட்பதில்லை. அதனால் தலைவி கேட்க வேண்டும்.

நாட்சம்பளக்காரருக்குக் காசு, சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு. இதைக் கேட்டதும் பலர் "ஏன் ஒரு பங்கை வெட்டுகிறார்கள்?" என்று கோபப்படுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். நாட்சம்பளம் 1,400 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழில் ஆறு பங்கு 1,200. 84 நாளுக்கு 1,00,800 ரூபா. 12 கிழமையில் ஞாயிறைக் கழித்தால் 72 நாள், 72 தரம் 1,400 என்றாலும் அதே 1,00,800தான். ஞாயிறு மட்டும்தான் கழிகிறது. இதைவிடக் குறைந்த வீதத்தில் கொடுத்தால், பிரசவத்துக்கு மாற்று வசதிகள் தருகிறோம் என்று தோட்டம் சொல்லும். சட்டத்தில் அப்படி ஓர் இடம் உண்டு. ஆனால் என்ன வசதி, யாருக்கு, எப்போது தந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் பிள்ளைப்பேற்று அறையைக் காட்டிக் காசைக் குறைக்க விடாதீர்கள்.

திரும்பி வேலைக்கு வந்த பிறகும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை நேரம் உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மடுவம் லயத்துப் பக்கம் கீழே, கொழுந்து மலை மேலே. அரை மணித்தியாலம் ஏறி இறங்கவே போய்விடுகிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. தகப்பனுக்கும் எங்கள் சட்டத்தில் ஒரு நாள் லீவுகூட இல்லை. இவை நாங்கள் இனிமேல் பேசிப் பெறவேண்டியவை.

இனி விபத்து. இதில் எனக்கு நெஞ்சில் நிற்கும் ஒரு தோல்வி இருக்கிறது. மழை நாளில் ஓர் அக்கா கானில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே கொப்பியில் எழுதியது: "பீலியடியில் விழுந்தது." யார் அப்படிச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி டிக்கட்டிலும் அதே வார்த்தை ஏறிவிட்டது. எங்களிடம் வந்தபோது ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அன்று காலை நிறுவையில் அவர் பேரில் ஏழு கிலோ இருந்ததைக் கண்டுபிடித்தோம். பீலியடியில் விழுந்தவர் எப்படி ஏழு கிலோ எடுத்தார் என்று கேட்டோம். கடைசியில் ஒரு தொகை கிடைத்தது. ஆனால் அதற்குள் அக்கா ஒரு கடதாசியில் கைநாட்டு வைத்து, நகையை அடகு வைத்து, பெரிய மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தியிருந்தார். அந்தப் பிள்ளை திரும்பப் போகவில்லை. அதைத்தான் தோல்வி என்கிறேன்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது வேலையின் காரணமாக விபத்து நடந்து, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனால் தொழில் கொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும். கானில் வழுக்கினாலும் குளவி கொட்டினாலும் மெஷினில் விரல் போனாலும் அது மலையிலோ ஸ்டோரிலோ நடந்த விபத்து. "குளவியை நாங்களா வளர்த்தோம்?" என்பது பதில் அல்ல. தற்காலிகமாக முடியாமல் இருக்கும் காலத்துக்கு மாதம் இரு முறை கொடுப்பனவு, நிரந்தர ஊனத்துக்கு இழந்த உழைப்புச் சக்தியின் வீதப்படி மொத்தத் தொகை. 2022இல் உச்சத் தொகையை ஐந்தரை லட்சத்தில் இருந்து 20 லட்சமாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் அப்போதுதான் சேர்ந்தது. வெறியில் இருந்ததால் நடந்தது என்று காட்டினால் மறுக்கலாம். ஆகவே ஆண்களே, அந்த வாய்ப்பை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கடதாசியில் கைநாட்டு வைத்துவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நட்டஈடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. அக்காவின் கடதாசியும் அப்படித்தான் செல்லாமற் போனது. இன்னொரு குழப்பம், சேமலாப நிதியை எடுத்தால் நட்டஈடு போய்விடும் என்பது. இரண்டும் வேறு. நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால், ஆண்கள் 55, பெண்கள் 50 வயது வரை காத்திராமல் சேமலாப நிதியை எடுக்கலாம். அங்கே வரும் தொல்லை பெயர். அடையாள அட்டையில் லெட்சுமி, சேமலாப நிதியில் லச்சுமி, பிறப்புச் சான்றிதழில் லட்சுமியம்மா. மூன்று பேரும் ஒருவர்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பவே மாதக்கணக்கு ஆகிறது. கை கால் நன்றாக இருக்கும்போதே இதைச் சரிசெய்யுங்கள்.

தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையில் யாராவது விழுந்தால் சுமந்து போகிறவர்களோடு நீங்களும் டிஸ்பென்சரிக்குப் போங்கள். கொப்பியில் என்ன எழுதுகிறார்கள் என்று வாசியுங்கள். எந்த மலை, எத்தனை மணி, பக்கத்து நிரையில் நின்றவர் யார் என்பதைப் போனில் படம் எடுத்தோ துண்டில் எழுதியோ வையுங்கள். ஆஸ்பத்திரியில் முதலாவது ஆள் கேட்கும்போதே "வேலைத்தலத்தில் நடந்தது" என்று சொல்லுங்கள். நிறுவைத் துண்டை அடுப்பில் போடாதீர்கள். அது சம்பள நாள் முடிந்ததும் குப்பை என்றுதான் நானும் ஒருகாலத்தில் நினைத்தேன்.

இன்று ஒவ்வொருவருக்கும் சங்கம் ஒரு கலண்டர் தருகிறது. வாங்காமல் போகாதீர்கள். முடிந்ததும் கேள்விகளை எடுப்போம். பின்வரிசையில் கிளினிக் கொப்பியோடு இருக்கும் தங்கச்சி, நீங்கள் முதலில் வாங்கோ. உங்கள் 150 நாளை இப்போதே எண்ணிப் பார்ப்போம்.