மேட்டூர் அணையின் நான்கு வரிகள்

பட்டம் பெறும் இளைஞர்களே,

உங்களில் பலர் அடுத்த வாரமே குரூப் 1, யுபிஎஸ்சி என்று மாவட்ட மைய நூலகத்தில் இடம்பிடித்து உட்காரப் போகிறீர்கள். முதலில் கைக்கு வருவது மாதாந்திர நடப்பு நிகழ்வுகள் தொகுப்பாகத்தான் இருக்கும். யாருக்கு எந்த விருது, எந்த ஊரில் எந்த மாநாடு. கடைசி நேரத் திருப்புதலுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் யோசிக்கிற வேலையை அதைத் தொகுத்தவரே முடித்துவிட்டார்; உங்களுக்கு மிச்சம் மனப்பாடம்தான்.

நாளிதழில் நீங்கள் தாண்டிப்போகும் ஒரு மூலை உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு. மொத்தம் நான்கு வரி. குறுவைக்கு ஜூன் 12-ல் அணை திறப்பது வழக்கம். இந்த ஆண்டு திறந்தார்களா? இல்லையென்றால் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். 1934-ல் கட்டி முடித்த அணையிலிருந்து, சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் போவீர்கள். அங்கிருந்து 1990-ல் அமைந்த காவிரி நடுவர் மன்றம், 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு. கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 192 டிஎம்சி என்றது அந்தத் தீர்ப்பு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75 டிஎம்சியில் 10 நம் டெல்டாவின் நிலத்தடி நீரைக் காட்டிக் கழித்தது, மிச்சம் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. வரலாறு, புவியியல், வேளாண்மை, நகரமயமாதல் எல்லாம் அந்த நான்கு வரிக்குள் இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. நதிநீர்ப் பூசல்களில் உச்ச நீதிமன்றமே தலையிடாதபடி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசமைப்பின் 262-வது உறுப்பு. 1956-ல் அப்படியொரு சட்டமும் வந்துவிட்டது. பிறகு 2018 தீர்ப்பு எப்படி வந்தது? இதில் ஒரு மாலை செலவழித்தால், உச்ச நீதிமன்றம் சிறப்பு அனுமதி அளித்து மேல்முறையீட்டை ஏற்க வழிசெய்யும் 136-வது உறுப்பில் போய் நிற்பீர்கள். மெயின்ஸ் தேர்வு கேட்பது இந்த மாதிரிக் கேள்வியைத்தான். அதற்கு எந்தத் தொகுப்பிலும் ஒற்றை வரி விடை கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. ஆறாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியல் பாடநூல்களைப் படிக்காதவருக்கு நாளிதழ் வெறும் இரைச்சல். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். குறிப்பெடுக்கும்போது தேதிவாரியாக எழுதாதீர்கள். காவிரிக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கினால், வருகிற செய்தியெல்லாம் அங்கே போய்ச் சேரும். கட்சிக்காரர்களின் அறிக்கைப் போரை அப்படியே விட்டுவிடலாம். அதில் கேள்வி வராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாளிதழோடு உட்காருவதும் வேண்டாம். அது படிப்பு மாதிரியே தோன்றும் பொழுதுபோக்கு.

யுபிஎஸ்சி நேர்முகத் தேர்வில் 275 மதிப்பெண். சொந்த ஊரைப் பற்றிக் கேட்பார்கள். டெல்லி அரசியலை அலசுகிற பிள்ளைகள் தங்கள் வட்டத்தில் எத்தனை ஏரி தூர்ந்துபோனது என்று கேட்டால் விழிக்கிறார்கள். மாவட்டச் செய்திப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள்.

நாளை அதிகாரியாகி, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் உட்காருவீர்கள். கடைமடைக்காரர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்க வாய்க்காலுக்குத் தண்ணி எப்ப வரும்?” என்பார். அப்போது அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள் எதிரே இருக்காது.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கும், எழுதாமல் வேறு நல்ல வேலைக்குப் போகிறவர்களுக்கும் என் வாழ்த்துகள்.