டெங்குக் காய்ச்சலும் எமது கடமையும்



டெங்கு என்றதும், "அது ஊர்க் காய்ச்சல், இந்தக் குளிர்நாட்டில் எமக்கென்ன?" என்றே எம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் இனிப் பொருந்தாது. 2010ஆம் ஆண்டில் பிரான்சின் நீஸ் நகரில், அந்நாட்டிலேயே டெங்கு தொற்றியமை கண்டறியப்பட்டது. 2012இல் போர்த்துக்கலின் மதெய்ராத் தீவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 2024இல் உலகெங்கும் 1 கோடியே 40 இலட்சத்துக்கும் அதிகமான நோயாளர் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டது.

பழைய டயர்களில் ஒட்டிய முட்டைகளாகக் கப்பலேறி 1990இல் இத்தாலியை அடைந்த புலி நுளம்பு, இன்று பாரிஸ் நகரிலும் வாழ்கின்றது. ஆயினும் நுளம்பு மட்டும் நோயைப் பரப்புவதில்லை. கிருமியைச் சுமந்து வரும் பயணியைக் கடித்த பின்னரே அது பிறருக்குத் தொற்றச் செய்கின்றது. நாம் கோடை விடுமுறையில் தாயகம் சென்று ஆவணியில் திரும்புகின்றோம். இங்கு நுளம்பு பெருகும் காலமும் அதுவே. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் டெங்கு நோயாளர் என ஐயுறப்பட்டனர் என்பதையும் நினைவிற்கொள்க.

பிரான்சில் டெங்கு, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். கோடைக்காலத்தில் அறிவித்தல் கிடைத்ததும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளி தங்கிய சூழலை ஆராய்ந்து, நுளம்பு பெருகும் இடங்களை அழிக்கின்றனர். இவ்வளவு பெரிய கண்காணிப்பும் ஒரேயொரு சொற்றொடரில்தான் தொடங்குகின்றது: "நான் அண்மையில் ஊருக்குச் சென்று வந்தேன்."

அதனைச் சொல்ல எம்மவர் சிலர் தயங்குகின்றனர். மொழி தடுக்கின்றது; வதிவிட உரிமை பற்றிய அச்சமும் தடுக்கின்றது. அந்த அறிவித்தல் நுளம்பைத் தேடுவதற்கே அன்றி, எவரது பத்திரங்களையும் ஆராய்வதற்கன்று.

பயணத்தின் பின் காய்ச்சல் கண்டால், டெங்கு இல்லையென உறுதியாகும்வரை அஸ்பிரின், இபுப்ரோபன் ஆகியவற்றைத் தவிர்த்திடுக. காய்ச்சல் தணியும் நாட்களே ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைக. முன்னர் ஒருமுறை டெங்கு கண்டவருக்கு, வேறு வகைக் கிருமி தொற்றின் நோய் கடுமையாகலாம்.

இளையோரே, மருத்துவர் முன்னிலையில் பெற்றோரின் குரலாக இருப்பவர்கள் நீங்களே. அவர் கேட்கும்வரை காத்திராது, பயணத்தை முதலில் சொல்லுங்கள். அது உங்கள் அன்னையையும் காக்கும். அயல்வீட்டுக் குழந்தையையும் காக்கும்.