வாட்டுவது நோயா, வாயா? வாயே!



எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "நோய்தான் வாட்டும், பேச்சு என்ன பண்ணும்?" என்றார். ஐயாவுக்கு இதுவரை ஜலதோஷம்தான் வந்திருக்கு போல! தும்மினால் தெருவுக்கே தெரியும். (சிரிப்பு) வெளியே தெரியாத நோய் ஒன்று இருக்கிறது. தசைச் சோர்வு. மருத்துவர்கள் 'மயஸ்தீனியா கிரேவிஸ்' என்பார்கள்.

மூளை போடுகிற உத்தரவை நரம்பு தபால்காரன் மாதிரி தசையின் வாசலில் சேர்க்கணும். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே ஆள் தெரியாமல் அந்த வாசலை அடைத்துவிடுகிறான். முதல் நாலு தபால் சேரும், அப்புறம் சேராது. ஓய்வெடுத்தால் மறுபடி பலம் வரும். அங்கேதான் வந்தது வினை!

நந்தனத்தில் ஒரு குடும்பத்தலைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லி ஊற்றி, பிள்ளைக்கு டிபன் கட்டி அனுப்புகிறார். சாயங்காலம் தலை வாரக் கை எழும்பவில்லை. இமை சரிகிறது. ஒரு பஸ் இரண்டாகத் தெரிகிறது. மாமியார் என்ன சொல்வார்? "காலையில நல்லாத்தானே இருந்தே? நாத்தனார் வர்றான்னதும் கை வலிக்குதாக்கும்!" (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கிற தசையும் சோர்ந்து போகிற நோய் ஐயா அது!

டாக்டரிடம் போகிறார். சிலருக்கு நோய் இருந்தும் ரத்தப் பரிசோதனையில் அடையாளம் அகப்படாது. "இன்னும் பார்க்கணும்" என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில் 'தெரியவில்லை' என்று சொன்னது, வீட்டு வாசல்படி ஏறும்போது 'ஒன்றுமில்லை' ஆகிவிடுகிறது! தெரியவில்லை வேறு, ஒன்றுமில்லை வேறு! (கைதட்டல்)

1672-லேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். நெடுநேரம் பேசினால் அவளுக்குப் பேச்சே நின்றுவிடும். ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பும். இதற்குப் பலன் தரும் மருந்தை மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர் காட்டியது 1934-ல். நடுவில் 262 வருஷம்! எத்தனை பெண்கள் 'நடிக்கிறாள்' என்று ஏச்சு வாங்கியிருப்பார்கள்?

நடிப்பையே தொழிலாகக் கொண்ட அமிதாப் பச்சனுக்கு 1984-ல் இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். அவரைப் பார்த்து "நடிக்கிறார்" என்போமா? "ஐயோ பாவம்" என்போம். வீட்டில் கிடக்கிற பெண்ணைத்தான் "நடிக்கிறாள்" என்போம்! (பலத்த கைதட்டல்)

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நாலு கால் சொன்னார். நோயாளி, மருத்துவர், மருந்து. நாலாவது, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். நோய்க்கு இன்னும் பேர் கிடைக்கவில்லையா? மருத்துவர் தேடட்டும். நாலாவது கால் நாம்தானே? "நீ உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல எந்த ஸ்கேன் ரிப்போர்ட் வேணும்?

நோய்க்கு மாத்திரை உண்டு நடுவர் அவர்களே. "நடிக்கிறாள்" என்ற சொல்லுக்கு எந்தக் கடையில் மாத்திரை விற்கிறான்? ஆகவே, அதிகம் வாட்டுவது வாயே என்று தீர்ப்பு வழங்குங்கள்.