குறி தவறியது கையாலா, கருவியாலா?

குறி பார்த்துச் சுடும் போட்டி முடிந்த பின்னர், தோற்றவரை அணுகிக் காரணம் வினவினால் பெரும்பாலும் துவக்கின்மீதே பழி விழும். அருகில் நின்று பார்த்தவரை வினவினால் அதே பழி சுட்டவரின் கையின்மீது விழும். இரண்டில் எதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எது உண்மை என்று பிரித்தறிய இயலாத நிலையில், ஒருவர் ஆயிரம் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்தாலும் அவருடைய திறமை வளரப்போவதில்லை. தவறு எங்கே பிறந்தது என்பது தெரிந்தாலன்றோ அதனைத் திருத்த முடியும்? ஒழுங்காகப் பேணப்பட்ட துவக்கு ஒன்றே இவ்வினாவுக்கு நேர்மையான விடை தரவல்லது. ஆதலின் துவக்கைப் பேணுதல் என்பது பயிற்சிக்குப் பின்னர் செய்யும் சில்லறை வேலையன்று. அது பயிற்சியின் ஒரு பகுதியேயாகும்.

கண்டி நாட்டுக்குத் துவக்கு புதிய பொருளன்று. 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்த பின்னர், இந்நாட்டுக் கொல்லர்கள் துவக்குச் செய்யும் தொழிலை விரைவிற் கற்றுத் தேர்ந்தனர். குழலிலே வெள்ளி வேலைப்பாடு பதித்து, மரக்கட்டையின் அடிப்பாகத்தைப் பிளந்து வளைத்து, தீமூட்டும் பொறியை இடப்பக்கத்தில் அமைத்து அவர்கள் ஆக்கிய துவக்குகள் இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கைப்பற்றிச் சென்ற பொருள்களுள் ஆறு, 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்ற லெவுக்கே பீரங்கியோடு இரண்டு பெருந் துவக்குகளும் அடங்கும். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவை உருக்குலையாமல் நம்மிடம் வந்தமைக்கு, செய்தவரின் கைத்திறனோடு காத்தவரின் கவனமும் காரணம் என்பதை மறத்தலாகாது.

விளையாட்டுத் துறையிலும் இலங்கையர் பெயர் பெற்றுள்ளனர். 1994ஆம் ஆண்டில் கனடாவின் விக்டோரியா நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான காற்றுத் துவக்கு இணையர் போட்டியிலே மாலி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் தங்கப் பதக்கம் வென்றனர். 2021ஆம் ஆண்டில் நடந்தேறிய தோக்கியோ ஒலிம்பிக் போட்டியிலே தெஹானி எகொடவெல காற்றுத் துவக்குப் பிரிவிற் பங்குகொண்டார். இப்போட்டியிலே குறிப்பலகை 10 மீற்றர் தொலைவில் நிற்கும். அதன் நடுப்புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீற்றர் மட்டுமே. குண்டூசியின் தலையினும் சிறிய இப்புள்ளியை நாடிச் செல்லும் சன்னத்தை, இளகிய ஒரு திருகாணி வழிதவறச் செய்துவிடும்.

கண்டி நகருக்கு வடகிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், பாததும்பறைப் பகுதியில் அமைந்துள்ளது மடவளை. இங்கும் இதனைச் சூழ்ந்த மலைநாட்டு ஊர்களிலும் துவக்குக்கு முதற் பகை ஈரமே. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை. அதன் பின்னர் வடகீழ்ப் பருவக்காற்று. ஆண்டின் பெரும்பகுதியில் காற்றிலே ஈரம் நிறைந்திருக்கும். இத்தகைய இடத்தில், வியர்வை படிந்த விரலடையாளம் ஒன்று துடைக்கப்படாமற் போனால் ஓரிரு நாட்களிலேயே அவ்விடத்திற் கறள் தோன்றக்கூடும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கைந்நூல் மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லுமாயின், இங்கே வாரம் ஒருமுறை துடைப்பதே தகும்.

எதனைச் செய்வதற்கு முன்னரும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. குழல்வாயைத் தீங்கற்ற திசை நோக்கித் திருப்பி, துவக்கைத் திறந்து, தோட்டாவறை வெறுமையாக உள்ளதா என்று கண்ணாற் பார்த்து, விரலாலும் தொட்டறிதல் வேண்டும். தோட்டாக்கூடு உள்ள றைபிளாயின் கூட்டைக் கழற்றிய பின்னரே அறையைப் பார்த்தல் வேண்டும். துப்புரவு செய்யும் மேசையின்மீது தோட்டா ஒன்றேனும் இருத்தலாகாது. "இது வெறுந் துவக்கு" என்ற நம்பிக்கையே உலகெங்கும் பல உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது.

இனித் துப்புரவு செய்யும் முறையைக் காணலாம். றைபிளின் குழலினுள்ளே சுருண்டு செல்லும் புரிகள் குண்டினைச் சுழலச் செய்கின்றன. அக்குண்டு இறுதியாகத் தொட்டுச் செல்லும் இடம் குழல்வாயின் விளிம்பு. அவ்விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தாலும் குண்டு விலகிச் செல்லும். ஆகவே துப்புரவுக் கோலை இயன்றவரை பின்புறத்திலிருந்து முன்புறமாகவே செலுத்துதல் வேண்டும். கோல் ஒரே துண்டாகவும் வளையாததாகவும் இருத்தல் நன்று. முதலிற் கரைப்பான் தோய்ந்த துணித்துண்டு, பின்னர் வெண்கலத் தூரிகை, அதன்பின் உலர்ந்த துணி, முடிவில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு என்பதே ஒழுங்கு. 50 மீற்றர்ப் போட்டிக்குரிய சிறு றைபிளுக்கு அளவுக்கு மீறிய தேய்ப்பு வேண்டுவதில்லை. அளவற்ற துப்புரவும் கேடு செய்யும்.

பழைய தோட்டாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. முற்காலத்தில் தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டும் கேப்புகளிற் பொட்டாசியம் குளோரேற்று என்னும் பொருள் சேர்க்கப்பட்டது. அது வெடித்தபின் குழலில் எஞ்சுவது ஒருவகை உப்பு. கறியுப்பைப் போலவே அதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். அவ்வுப்பு எண்ணெயிற் கரையாது, நீரிற் கரையும். கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் பூசும் பழைய வழக்கம் இக்காரணத்தாலேயே தோன்றியது. இக்காலத் தோட்டாக்கள் பெரும்பாலும் இத்தீங்கு அற்றவையெனினும், வயது தெரியாத தோட்டாவைச் சுட்டவர் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வது அறிவுடைமையாகும்.

எண்ணெயைப் பற்றியும் சில சொல்லவேண்டும். வீட்டில் எளிதிற் கிடைக்கிறது என்பதற்காகத் தேங்காயெண்ணெயைப் பூசுவோர் உளர். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். கண்டிப் பகுதியின் தை மாத அதிகாலையிலே போத்தலில் அது உறைந்து வெண்மையாக நிற்பதை எல்லா வீட்டாரும் அறிவர். போத்தலில் நிகழ்வது துவக்கின் பொறியினுள்ளும் நிகழும். நாட்பட்டால் அது பிசினைப் போலாகித் தூசியையும் பிடித்துக்கொள்ளும். துவக்குக்கென்றே ஆக்கப்பட்ட எண்ணெயையும் தாராளமாக ஊற்றலாகாது. மிகுந்த எண்ணெய் கீழிறங்கி விசைப்பொறியிற் சேரும். மரக்கட்டையினுட் புகுந்து அதனை மென்மையாக்கும். எண்ணெய் பூசிய துவக்கைச் சிறிது நேரம் குழல்வாய் கீழ்நோக்க நிறுத்திவைப்பது இதற்கு எளிய பரிகாரம். சுடுவதற்கு முன்னர் குழலினுள் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் நீக்கிவிடுதல் வேண்டும். இன்றேல் முதற் குண்டு வேறிடம் செல்லும்.

தோலுறையிலும் கித்தான் உறையிலும் துவக்கை நெடுநாள் வைத்தல் தவறு. உறை பயணத்துக்குரியது, ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதன் இயல்பு. பூட்டப்பட்ட, காற்று ஓரளவு உலவும் பெட்டகமும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமானவை. நுவரெலியாவின் குளிரிலிருந்து கீழிறங்கி மடவளைக்கு வரும் துவக்கின் உலோகத்தில், குளிர்நீர் நிரம்பிய குவளையின் வெளிப்புறத்திற் போலவே நீர்த்துளிகள் அரும்பும். வீடு சேர்ந்தவுடன் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, அறையின் வெப்பத்தை அது அடைந்த பின்னரே எண்ணெய் பூசிப் பெட்டகத்தில் வைத்தல் வேண்டும்.

பறக்கும் தட்டுகளைச் சுடுவதற்குரியது சன்னத் துவக்கு. களிமண் தட்டு என்று வழங்கப்படினும் சுண்ணக்கல் தூளும் கீலும் கலந்து செய்யப்படும் அத்தட்டு, 110 மில்லிமீற்றர் அகலமும் ஏறத்தாழ 105 கிராம் நிறையும் உடையது. போட்டிக்குரிய தோட்டாவில் 24 கிராம் சன்னமே இருக்கும். அச்சன்னம் எவ்வளவு விரிந்து செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குழல்வாயில் பொருந்தும் சோக்கு என்னும் ஒடுக்கக் குழாய். சோக்கின் மரைகளைத் துடைத்துச் சிறிது கொழுப்பிட்டு இறுகப் பொருத்துதல் வேண்டும். அது இளகியிருந்தால் குழல்வாயே சிதையலாம். குழலையும் கட்டையையும் இணைக்கும் கீலிலும் ஒரு துளி கொழுப்பு இடுதல் நன்று. துவக்கைத் திறக்கும் மேல்நெம்பு, புதிய துவக்கிற் பெரும்பாலும் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இடப்புறமாக நகரும். பூட்டு எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை இந்நகர்வே உணர்த்தும்.

சன்னத் துவக்கில் நேரக்கூடிய கொடிய விபத்து குழல் அடைபடுவதனால் விளைவது. வெடியோசை வழக்கத்திலும் மெலிந்து கேட்டால், அடுத்த தோட்டாவை இடாமல் நிறுத்தி, துவக்கைத் திறந்து வெறுமையாக்கி, குழலினூடே ஒளியைப் பார்த்தல் வேண்டும். தோட்டாவின் உள்ளடைப்பு குழலிலே சிக்கியிருக்கலாம். 20ஆம் இலக்கத் தோட்டாவொன்று தவறுதலாக 12ஆம் இலக்கத் துவக்கில் இடப்பட்டால், அது முன்னே வழுக்கிச் சென்று குழலில் தங்கும்; அறை வெறுமையெனத் தோன்றும்; பின்னால் மற்றொரு தோட்டாவும் இட முடியும். அதனைச் சுட்டால் குழல் பிளக்கும். 20ஆம் இலக்கத் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் பூசும் மரபு இதனைத் தடுப்பதற்காகவே. இரண்டையும் ஒரே பையில் இடுதல் கூடாது.

விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா வேறொரு சோதனை. உடனே திறந்து பார்க்கும் ஆவலை அடக்குதல் வேண்டும். தீ மெல்லப் பற்றிச் சற்றுத் தாமதித்து வெடிப்பதும் உண்டு. ஆதலின் குழல்வாயை இலக்கை நோக்கியே நிறுத்தி, குறைந்தது 30 விநாடி பொறுத்த பின்னரே திறத்தல் வேண்டும். பின்னர் அத்தோட்டாவின் கேப்பைக் கவனித்தால் அது தன் கதையைச் சொல்லும். ஊசி ஆழமாகக் குத்தியிருந்தால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவிலேயே. குத்திய தழும்பு மேலோட்டமாக இருந்தால் குற்றம் துவக்கிலிருக்கலாம்: சுருள்வில் தளர்ந்திருக்கலாம், ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது பழைய எண்ணெய் ஊசியின் வழியிற் பிசினாகிக் கிடக்கலாம்.

றைபிளிற் குண்டுகள் ஒன்றுகூடாமற் சிதறத் தொடங்கினால், ஆராயும் ஒழுங்கு மருத்துவர் நோய் நாடும் ஒழுங்கை ஒத்தது. எளிதானதை முதலில் நோக்குதல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். குறிகாட்டியின் திருகாணிகள் இறுகியுள்ளனவா? குழலைக் கட்டையோடு பிணைக்கும் திருகாணிகள் உரிய இறுக்கத்தில் உள்ளனவா? தோட்டா வேறு தொகுதியைச் சேர்ந்ததா? குழல் அழுக்கடைந்துள்ளதா? மழைக்காலத்து ஈரத்தில் மரக்கட்டை பருத்துக் குழலை ஒருபுறம் அழுத்துகிறதா? குழல் கட்டையைத் தொடாது நிற்கவேண்டிய றைபிளாயின், ஒரு கடதாசித் துண்டை இடையிலே செலுத்திப் பார்த்தால் தடைப்படும் இடம் தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் ஒரே நாளில் ஒருங்கே மாற்றியவர், குறை தீர்ந்தாலும் எதனாலே தீர்ந்தது என்பதை அறியமாட்டார். அது மீண்டும் வரும்போது மீண்டும் இருளிலேயே தடுமாறுவார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும் துவக்கை மணற்பையின்மீது தாங்கி வைத்துப் பத்துக் குண்டுகள் சுட்டு, முடிவைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்.

காற்றுத் துவக்கிலே வெடிமருந்து இல்லையெனினும் ஆபத்து இல்லையென்று கொள்ளலாகாது. அதன் காற்றுக் குடுவையில் 200 பார் அளவான அழுத்தம் நிறைந்திருக்கும். அதனுள்ளே சாதாரண எண்ணெய் புகுந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். ஆகையால் அதற்கென விதிக்கப்பட்ட கொழுப்பையன்றி வேறெதனையும் இடலாகாது. குடுவையிற் பொறிக்கப்பட்ட காலவரை கடந்தபின் அதனைப் பயன்படுத்தவும் கூடாது. சன்னங்கள் மெல்ல மெல்லக் கீழிறங்கி விழுமாயின், கையைக் குறை கூறுமுன் அழுத்தமானியைப் பார்த்தல் வேண்டும்.

விசைப்பொறியின் உள்ளுறுப்புகளை அராவுதல், குழலை நிமிர்த்துதல், வெடித்த கட்டையை ஒட்டுதல் ஆகியவை வீட்டில் முயல்வதற்குரியன அல்ல. அளவுக்கு மீறி இலேசாக்கப்பட்ட விசை, துவக்கு சற்றே தட்டுப்பட்டாலும் விழுந்துவிடும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், துவக்கை வைத்திருப்பதற்கு மட்டுமன்றி அதனைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, உயிருக்கு அஞ்சியும் இவ்வேலைகளை உரிமம் பெற்ற கைவினைஞரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடங்கள், ஒரு துணித்துண்டு, ஒரு துளி எண்ணெய், ஒரு குறிப்பேடு: பேணுதலுக்கு வேண்டுவன இவ்வளவே. இவற்றை வழுவாது கைக்கொள்பவருடைய துவக்கு அவருக்காகப் பொய் சாட்சி சொல்லாது. குறி தவறும்போது, தவறு தம்முடைய மூச்சிலா, விரலிலா, கண்ணிலா என்று அவர் தயங்காமல் ஆராயலாம். கருவியின்மீது ஐயம் நீங்கிய இடத்திலேதான் மெய்யான பயிற்சி தொடங்குகிறது.