இல்லமே தொழிலகமாயின்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிலிருந்தவாறே உத்தியோகம் பார்த்தல் என்பது, 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்ட பின்னர்த் தோன்றிய புதுமையென்று பலரும் பேசுகின்றனர். தறிக்குழியருகே தவழ்ந்து வளர்ந்த நம்மவர்க்கு இது புதுமையன்று. நம் பாட்டனார் உண்டதும் உறங்கியதும் நெய்ததும் ஒரே கூரையின் கீழேதான். ஆயினும் அவ்வநுபவம் நம் பிள்ளைகளுக்குப் பயன்படவில்லை. ஏன் என்பதை ஆராய்தல் வேண்டும்.

நம் முன்னோர் அளவறிந்து உழைத்தது அவர்தம் நல்லறிவினால் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. முழு உண்மை அதுவன்று. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடவேண்டும். வெயிலேறினால் அவ்வேலை நடவாது. அயல்வீட்டார் கைகொடுத்தாலன்றி அது முடியாது. ஆகவே நாலுபேர் முகத்தில் விழித்தே நாள் தொடங்கும். ஒளி மங்கினால் அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படாது, தறி நிற்கும். அமாவாசையன்று தறியில் கைவைக்கலாகாதென்னும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. சூரியனும் சந்திரனும் அயலாருமே அன்று நமக்கு மேற்பார்வையாளர். மின்விளக்கு வந்தபின், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நள்ளிரவு கடந்தும் தறியோசை கேட்டதை இங்குள்ள முதியோர் மறந்திரார். விளக்கு எரிந்தது, முதுகெலும்பின் முறையீட்டைக் கேட்பாரில்லை.

கணிப்பொறிக்கோ அந்தியுமில்லை, அமாவாசையுமில்லை. பிரான்சு தேசத்தில், வேலைநேரங் கடந்தபின் அலுவற் செய்திகளினின்று விலகியிருக்கும் உரிமையைச் சட்டமே 2017 முதல் ஏற்றுள்ளது. சட்டம் எட்டாத இடத்தில் நம் இளைஞர் தாமே ஓர் அந்தியை வகுத்துக்கொள்ளல் வேண்டும். குறித்த நேரத்தில் கணிப்பொறியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுத் தெருவில் ஒரு சுற்று நடந்து வருக. கட்டிலிற் சாய்ந்து வேலை செய்யற்க. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட அஞ்சாத நாம், அவர் முதுகைத் தாங்கும் நாற்காலி ஒன்று வாங்கக் கணக்குப் பார்க்கிறோம்!

இனி, நம் இல்லத்திலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல நாணுகிறோம், எனினும் சொல்லுகிறோம். ஒருநாள் முற்பகலில் மருமகள் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கையில், எரிவாயு உருளை வந்ததென்று அவளைக் கூப்பிட்டோம். மறுமொழி கூறாது எழுந்து வந்தாள். அடுத்த அறையில் மகனும் அதே மாதிரி வேலையில்தான் இருந்தான். அவனை அழைக்க நமக்குத் தோன்றவில்லை. பகலில் இப்படிப் பறிபோன நேரத்தையெல்லாம் அவள் இரவு பதினொரு மணிவரை விழித்து ஈடுசெய்வதைக் கண்டபோதுதான் நமக்கு உறைத்தது. "வீட்டில்தானே இருக்கிறாள்" என்னும் சொல் நம் குடும்பங்களில் மிகப் பழையது. தார் சுற்றியவள் மனைவி, நூல் இழைத்தவள் தாய். கூலி எழுதப்பட்டதோ ஆடவன் பெயரில். 2019-20-ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்நாட்டு நெசவாளருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேற்பட்டோர் பெண்களே என்று காட்டுகிறது.

ஆதலின் மாமன் மாமியராகிய நாம் முதலிற் செய்யத்தக்கது, வேலைநேரத்தில் சாத்திய கதவைத் தட்டாதிருத்தல். தனியறை இல்லாத வீடுகளும் நம்மிடையே பல. அவர்தம் பொருட்டுச் சங்க நூலகத்தின் வடபுறத்து அறையைக் காலை ஒன்பது முதல் மாலை ஆறு மணிவரை திறந்துவைக்க நிர்வாகக் குழுவினர் இசைந்துள்ளனர். இரண்டு மேசைகள் வந்துவிட்டன. மின்விசிறி மட்டும் இன்னும் வரவில்லை. பொருளாளர் அவர்கள் இவ்வாரத்திற்குள் வாங்கித் தருவதாகச் சபையறியச் சொல்லியிருக்கிறார்.